கை நனைக்கப் போன இடத்தில்

அத்தியாயம் 14

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மலையாண்டியும் அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தார். காரைக்குடி டிப்போவில் கண்டக்டர். அவர் விசில் கொடுத்தால் பஸ் மட்டுமில்லை, பஸ் ஸ்டாண்டு நாய்கூட ஒரு நிமிஷம் நின்று பார்க்கும். அந்த வாய்தான் இப்போது அவருக்கு வில்லங்கம்.

போன வாரம் அவரைப் பல் டாக்டர் துர்காதேவியின் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டு வந்தோம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

சென்னைக்குப் போகும் ராத்திரி வண்டியில் பல வருஷம் ஓடியவர் மலையாண்டி. தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். ஒன்று இரண்டானது, இரண்டு ஒரு சரமானது. இப்போது கன்னத்தின் உள்பக்கம் முழுக்க நார் பாய்ந்து இறுகிப்போய்விட்டது. வாய் திறக்கவில்லை. ஒரு மிளகு பட்டால் தீ வைத்த மாதிரி எரிகிறது. கன்னத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டு, தினமும் ஐஸ் குச்சிகளைப் பல்லுக்கு இடையில் அடுக்கி வாயை விரிக்கும் பயிற்சி செய்கிறார்.

கடிக்கிற பலத்தை அளக்க டாக்டர் ஒரு சின்னக் கருவியைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார் இல்லையா? மலையாண்டி மூச்சைப் பிடித்துக் கடித்தார். கூடப் போன மகள் சத்தியப்பிரியா விளையாட்டாகத் தானும் கடித்துப் பார்த்தாள். மகளின் கடிதான் பெரிய கடி. அப்பாவுடையது அதில் பாதிகூட இல்லை.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாடைக்குத்தான் வேலை மறந்துபோச்சு. ஊசிக்கும் பயிற்சிக்கும் முதல்ல வாய் திறக்கும். கடிக்கிற பலம் அதுக்குப் பின்னாலதான் மெல்ல வரும். அவசரப்படாதீங்க” என்றார் டாக்டர்.

அந்த வாயோடுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மலையாண்டி ஆத்தங்குடிக்குக் கறி விருந்துக்குப் போகிறார். வெறும் விருந்தா அது? சத்தியப்பிரியாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டால், அதற்குப் பெயர் கை நனைப்பது. கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை, வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான். வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், இலையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

“தண்ணியா எது ஊத்துறாகளோ அதை விட்டுப் பெசஞ்சு முழுங்கிட்டு எந்திரிச்சிருங்க” என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மனைவி நாகவல்லி. “வாயைப் பத்தி மூச்சு விடக் கூடாது.”

“கேட்டாகன்னா?”

“நீங்க காட்டாட்டி எவுக கேப்பாக? புத்துநோய்க் குடும்பமாம்னு ஒரு சொல்லு வெளிய போகட்டும், எம்மவ கழுத்துல எவன் தாலி கட்டுவான்?”

“டாக்டரம்மா அது இல்லைன்னு சொன்னாகளே. இப்பவே வைத்தியம் பாத்தா அதுல கொண்டுபோய் விடாதுன்னு...”

“டாக்டரம்மா வந்து பந்தியில நின்னு சொல்லுவாகளா?”

மலையாண்டி பயிற்சிக்கான ஐஸ் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். எதைச் சொல்வது? தானே தேடிக்கொண்ட சீக்கு. குடிக்காத மனுஷன், ஒரு பீடி பிடிக்காத மனுஷன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டு, பாக்குத் தின்று வாய் பூட்டிக்கொண்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

சத்தியப்பிரியா அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். கண்ணில் மை, நெற்றியில் புதுப் பொட்டு. அவள் எங்கேயும் போகவில்லை, பெண் அங்கே போகக் கூடாது. ஆனாலும் குளித்து முடித்து, புதுச் சேலை கட்டித் தயாராக நின்றாள். மூன்று மாதமாகப் போனில் பேசிப் பேசி, ஆகாஷ் என்ற பெயரைக் கேட்டாலே அவளுக்குக் காது சிவக்கிறது.

“ஊசி போட்ட பக்கமா மெல்லாதீகப்பா” என்றாள் மெதுவாக.

மகள் முகத்தைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டார் மலையாண்டி. கல்லைக் கொடுத்தாலும் இன்றைக்கு விழுங்கிவிட வேண்டும்.

ஆத்தங்குடியில் சேவுகப்பெருமாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆகாஷின் அப்பா. தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறைக்காரர். வீட்டை ஒட்டியே பட்டறை. சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

“வாங்க கண்டக்டரே, வாங்க! சம்பந்தின்னு கூப்புட நாக்கு துடிக்குது. கை நனைச்சு முடிங்க, அப்புறம் கூப்புட்டுக்கிறேன்.”

அவருக்கு மனைவி இல்லை. போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. வீட்டை ஆள்வது அவருடைய அக்கா காளியாயி. ஆகாஷை வளர்த்ததும் அந்த அத்தைதான். நல்ல மனுஷி, ஆனால் நாக்கில் நரம்பில்லை.

ஆகாஷ் வந்து மலையாண்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பட்டறைச் சரக்கைப் பெங்களூர் வரைக்கும் லாரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருபவன் அவன்தான். அதிகம் பேசவில்லை, உதட்டை மூடியபடி சிரித்தான். அடக்கமான பையன் என்று நாகவல்லி கண்ணாலேயே கணவருக்குச் சொன்னாள்.

இலை போட்டார்கள். மலையாண்டி கணக்குப் போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் சோறு, நிறைய ரசம், கடைசியில் மோர். சேவுகப்பெருமாள் போட்டிருந்த கணக்கு வேறு.

“அக்கா! நல்லியெலும்பெல்லாம் கண்டக்டரு இலைக்கு!” என்று சத்தம் போட்டார். “பொங்கலுக்குப் பொங்கல் இவரு பஸ் ஸ்டாண்டுல முழுக் கரும்பைப் பல்லாலேயே உரிச்சுத் தின்னதை நானே பாத்திருக்கேன். சோடா மூடியப் பல்லாலேயே தெறந்து குடுப்பாரு. இந்தக் கடிக்குன்னே கடையில சொல்லிவச்சு, முத்தின கடாவா வாங்கியாந்தேன்.”

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். மலையாண்டியும் சிரித்துவைத்தார். காளியாயி அள்ளி வைத்த நல்லியெலும்பு இலையில் குவிந்தது. மேலே குழம்பு, மிளகு மிதக்கிற குழம்பு.

ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். எலும்பு பல்லுக்கு இடையில் நுழையவே இல்லை. ஓரத்தில் தொங்கிய கறியை இழுத்து வாயில் போட்டு மென்றார். மென்றார், மென்றார், தாடை கிடுகிடுவென்று நடுங்கியது. கறி போட்டபடியே கிடந்தது. காரம் கன்னத்தில் இறங்கி, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

“காரமோ?” என்றார் சேவுகப்பெருமாள்.

மலையாண்டி தலையை ஆட்டினார். ஆமா என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சேவுகப்பெருமாள் பக்கத்து இலைக்காரரிடம் திரும்பிய நேரம், மலையாண்டி வாயைத் துடைக்கிற மாதிரி துண்டை எடுத்து, மென்ற துண்டத்தை அதில் தள்ளிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருட்டுத்தனம் செய்கிறோமே என்று கூசியது. ஆனால் வேறு வழி? அடுத்ததையும் அப்படியே செய்தார். அதற்கடுத்ததையும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, காளியாயி ரசவாளியோடு குனிகிற வரைக்கும். அவள் சேலை முந்தானை இடித்து, மடியில் இருந்த துண்டு சரிந்தது. மென்று வைத்த கறியெல்லாம் பளபளவென்று இருந்த அந்தப் பூக்கல் தரையில், பந்திக்கு நடுவே, சிதறி விழுந்தது.

காளியாயி கறியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மலையாண்டியைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

“இது என்னது?”

பந்தியில் அத்தனை கைகளும் இலையிலேயே நின்றன.

“கேக்குறேன்ல? எங்க வீட்டுச் சோத்துல மருந்து வச்சிருப்போம்னு நெனச்சீகளாக்கும்?”

நாகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சொல்லின் கனம் அவளுக்குத் தெரியும். சம்பந்தம் பேச வந்தவர்களை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ள, சோற்றில் இடுமருந்து வைப்பார்கள் என்று ஒரு பழைய பயம். அதனால்தான் ஒரு வீட்டில் தின்றதை யாருக்கும் தெரியாமல் துப்பினால், அந்த வீட்டையே மருந்து வைக்கிற வீடு என்று சொன்ன மாதிரி. அதைவிடப் பெரிய பழி அங்கே கிடையாது.

“ஐயையோ, அதெல்லாம் இல்ல அத்தாச்சி! அவுகளுக்கு வயித்துல புண்ணு...”

“வயித்துல புண்ணுன்னா திங்காம இருப்பாக. மென்னுட்டு ஒளிச்சு வைப்பாகளா?”

“இல்ல அத்தாச்சி, விரதம். வெள்ளிக்கிழம விரதம், கறி ஆகாது, நான்தான் மறந்துட்டு...”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமத்தா.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள், பாவம், நாகவல்லிக்கு மூன்றாவதே வரவில்லை.

சேவுகப்பெருமாளின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இலையை மூடாமல் எழுந்துவிட்டார்.

“புடிக்கலைன்னா வாசல்லயே சொல்லிட்டுப் போயிருக்கலாம் கண்டக்டரே. பந்தியில வச்சு எங்களை இப்படி அசிங்கப்படுத்தியிருக்க வேணாம்.”

மலையாண்டி தரையில் கிடந்த கறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே பேசாமல் எழுந்து போய்விடலாம். சீக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் சத்தியா? வீட்டில் புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அவளிடம் போய் என்ன சொல்வது? இந்த வீட்டுக்காரர்கள் பாவம், அவர்கள் தலையில் இல்லாத பழி வேறு.

எழுந்தார். எச்சில் கையோடு அப்படியே நின்றார்.

“எனக்குக் கடிக்க முடியாது” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

“கரும்பு உரிச்ச வாய்தான். இப்ப ஒரு முறுக்கு ஒடைக்க முடியாது. இந்தா பாருங்க.” இடது கை விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் விட்டார். இரண்டு போயின. மூன்றாவது பல்லில் முட்டி நின்றது. அத்தனை பேரும் பார்க்க, வாயோரம் எச்சில் வழிய, அப்படியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினார். பிறகு விரலை எடுத்தார். “நல்ல வாய்க்கு மூணு வெரலு போகணும். எனக்கு ரெண்டு. ஊசி போடுறதுக்கு மின்னாடி ஒண்ணுதான். எம்மக கடிக்கிற கடியில பாதிகூட என் தாடையில இல்ல, டாக்டரம்மா அளந்து பாத்துச் சொன்னாக.”

“எதுனால தம்பி?” காளியாயியின் குரல் இறங்கிவிட்டது.

“பாக்கு. பொட்டலப் பாக்கு. ராத்திரி வண்டியில தூக்கம் முழிக்கத் தின்னது.” காளியாயி பக்கம் திரும்பினார். “மருந்து நீங்க வைக்கல அத்தாச்சி. எனக்கு நானே வச்சுக்கிட்டேன், அத்தனை வருசமா, என் கையாலயே. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்க சோத்தைத் துண்டுல மறைச்சேன். மன்னிச்சிருங்க.”

நாகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காளியாயிதான் முதலில் அசைந்தாள்.

“அட கூறுகெட்ட மனுசா! இதை வாசல்லயே சொன்னா நான் பருப்பைக் கொழைய வச்சுப் போட்டிருக்க மாட்டேன்?” என்றாள். சொல்லிவிட்டு என்ன நினைத்தாளோ, தன் மூன்று விரலைச் சேர்த்துத் தன் வாயில் விட்டுப் பார்த்தாள். போயிற்று. “டேய் சேவுகா, நீயும் விட்டுப் பாருடா. நீயும் சீவலை மாடு மாதிரி அசைபோடுறவன்தானே.”

சேவுகப்பெருமாள் விட்டுப் பார்த்தார். அவருக்கு நான்கு விரல்கூடப் போகும் போலிருந்தது. பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாய்க்குள் விரலை விட, கல்யாணம் பேச வந்த வீடு பல் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு திரும்பி வந்தது. காளியாயி பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டு, சோற்றையும் பருப்பையும் நெய் ஊற்றித் தன் கையாலேயே குழையப் பிசைந்து வைத்தாள். மலையாண்டி உண்டார். ஒரு கவளம்கூட மிச்சம் வைக்காமல் உண்டார்.

“சம்பந்தி!” என்று கட்டிக்கொண்டார் சேவுகப்பெருமாள். “உண்மையைச் சொல்றவன் வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்யா!”

கை கழுவக் கொல்லைக்குப் போனார் மலையாண்டி. மனசு இலவம்பஞ்சாகியிருந்தது. இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே போனவர், குழாயடியில் நின்றார்.

அங்கே ஆகாஷ் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால்.

அப்போதுதான் உறைத்தது. பந்தியில் எல்லோரும் விரலை விட்டுப் பார்த்தபோது இவன் தூணோரம் நின்று சிரித்துக்கொண்டே இருந்தான், விட்டுப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் பந்தியிலும், கறி விருந்து வைத்த வீட்டுப் பிள்ளையான இவன் இலையில் மோருஞ்சோறுதான் இருந்தது.

ஆகாஷ் விரல்களைச் சேர்த்து வாயில் விட்டான். இரண்டு போயின. மூன்றாவதைத் திணித்தான். போகவில்லை. மறுபடி திணித்தான். கண்ணாடியில் மலையாண்டியின் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது.

“எத்தனை வருசமா?” என்று கேட்டார் மலையாண்டி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

“நாலு வருசம் மாமா. லோடு கொண்டுபோறப்ப, தூக்கத்துக்கு...”

“எரியுதா?”

“காரம் பட்டா. இப்படி ஒரு சீக்கு இருக்குன்னே நீங்க சொல்லித்தான் மாமா தெரியும்.”

“நாளைக்கே எங்கூட டாக்டர்கிட்ட வா. பயப்படாத. வாய் தெறக்கும், கடிக்கிற பலமும் வரும். பொட்டலத்தை மட்டும் இன்னியோட விட்டுரணும்.”

“வாரேன் மாமா. கண்டிப்பா வாரேன்.” அவன் கண் கலங்கியது. “ஆனா சத்தியாகிட்ட மட்டும் சொல்லிராதீக. நானே சொல்றேன், கல்யாணம் முடியட்டும். அப்பாவுக்கும் அயித்தைக்கும் தெரிஞ்சா தாங்க மாட்டாக. உங்களுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்ல மாமா.”

கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லுடா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் உள்ளேயிருந்து சேவுகப்பெருமாளின் குரல் வந்துவிட்டது.

“சம்பந்தி! எங்க போனீக? வாங்க, வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம்!”

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். காளியாயி தட்டை நீட்டினாள். வெற்றிலை, மஞ்சள், பூ, நடுவில் கொட்டைப் பாக்கு. நாகவல்லியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பின்னாலேயே வந்து நின்ற ஆகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலையாண்டி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சத்தியப்பிரியா வாசல்படியிலேயே நின்றாள். அழுதிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் கீழே உட்கார்ந்தாள்.

“அம்மா போன்ல எல்லாத்தையும் சொன்னாக. அத்தனை பேருக்கு முன்னாடி வாயைத் தெறந்து காட்டுனீகளாமே? எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாப்பா? நம்ம அப்பாடான்னு ஊரெல்லாம் சொல்லணும் போல இருந்துச்சு.”

மலையாண்டி செருப்பைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

“இப்பத்தான் அவுகளும் பேசுனாக. உங்கப்பா மாதிரி மனுசனை நான் பாத்ததே இல்லைன்னு ஒரே புகழ்ச்சி” என்றாள். காது சிவந்தது. “அவுகளும் உங்கள மாதிரிதான்ப்பா. மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட மறைக்கவே மாட்டாக. நீங்கதான் இன்னிக்கு நேர்ல பாத்தீகளே, சொல்லுங்க, நான் சொல்றது சரிதானே?”

நாகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமாத்தா” என்றார் மலையாண்டி, மகள் முகத்தைப் பார்க்காமல்.